மாப்பிள்ளைச் சக்கரங்கள்

ஹோட்டன், மிச்சிகன்
தை மாதக் கடைசி

அன்புள்ள மாமாவுக்கு,

அத்தையின் முட்டிவலி எப்படி இருக்கிறது? வாட்ஸாப்பில் எழுதினால் பேத்தி கடகடவென்று வாசித்துவிட்டு "அவ்ளோதான் தாத்தா" என்று போனைப் பிடுங்கிக்கொண்டு ஓடிவிடுகிறாள், காகிதத்தில் எழுது, கண்ணாடி போட்டுக்கொண்டு நிதானமாகப் படிக்கிறேன் என்றீர்கள். வண்டி விஷயத்தை ஆதியிலிருந்து சொல் என்றும் சொன்னீர்கள். ஆதி என்றால் இங்கே பனிதான்.

சுப்பீரியர் ஏரிக்குள் கட்டைவிரல் மாதிரி நீட்டிக்கொண்டிருக்கும் நிலத்துக்குக் கீவினா என்று பெயர். அதில் இருக்கிறது எங்கள் ஊர். வடமேற்கிலிருந்து வருகிற குளிர்காற்று ஏரியின் மேல் நடந்து, ஈரத்தை மொண்டுகொண்டு வந்து எங்கள் தலையில் கவிழ்க்கிறது. ஐப்பசி கார்த்திகையில் வங்காள விரிகுடாக் காற்று நமக்குச் செய்கிற அதே வேலை. அங்கே தண்ணீர், இங்கே பஞ்சு. அவ்வளவுதான் வித்தியாசம். நெடுஞ்சாலை ஓரத்தில் பனிக்கென்று வானத்துக்கு ஓர் அளவுகோல் நட்டு வைத்திருக்கிறார்கள். 1978-79 குளிர்காலத்தில் 390.4 அங்குலம் என்று அதில் குறித்திருக்கிறது. முப்பத்திரண்டரை அடி. சேலையூரில் நம் வீடு மொட்டைமாடித் தண்ணீர்த்தொட்டியோடு உள்ளே போய்விடும். ஒரே நாளில் கொட்டுவதில்லை என்பது மட்டும் ஆறுதல். தவணை முறையில் கொட்டுகிறது.

காலையில் எழுந்தால் அத்தை வாசல் தெளிப்பது போல நான் வாசல் தள்ள வேண்டும். வாயகன்ற தொட்டிக்குக் கைப்பிடி வைத்தது போல ஒரு சாமான் இருக்கிறது, அதில் அள்ளித் தள்ளிக்கொண்டே போகவேண்டும். பனியைத் தட்டி இறுக்குவதற்கு இந்த வட்டாரத்தில் தனியாக ஒரு சொல் வைத்திருக்கிறார்கள், கேட்டால் 'பேங்க்' மாதிரியே இருக்கும். வந்த புதிதில் பக்கத்து வீட்டுத் தாத்தா என்னைப் பார்த்து, "முதலில் பேங்க் பண்ணு, அப்புறம் எல்லாம் சரியாகும்" என்றார். கடன் வாங்கச் சொல்கிறார் என்று நினைத்து, ஏற்கெனவே இருக்கிறது என்றேன்.

வண்டி வாங்கிய கதைக்கு வருகிறேன். உங்கள் மருமகளுக்குப் பல்கலைக்கழகத்தில் வேலை. எங்கள் வீடு கால்வாயைப் பார்த்த மேட்டில் இருக்கிறது. தெருவிலிருந்து வீட்டு வாசலுக்கு வருகிற வழி திருநீர்மலைப் படிக்கட்டைச் சாய்த்துப் போட்ட மாதிரி. சின்னக் காரில் ஏறினால் பாதியில் நின்று, யோசித்து, பின்னாலேயே இறங்கிவிடும். ஆகவே நான்கு சக்கரமும் இழுக்கிற பழைய பிக்கப் ஒன்றைப் பார்த்தேன். 2001ஆம் வருஷத்து வண்டி. கம்பெனி பெயர் வேண்டாம், இருபத்து மூன்று வயது தாண்டியபின் எந்த வண்டியின் நோய்க்கும் பெற்றவர்களைக் குற்றம் சொல்லக்கூடாது.

மறைமலை நகரில் அவ்வளவு வருஷம் குப்பை கொட்டினாயே, வண்டி பார்த்து வாங்கத் தெரியாதா என்று நீங்கள் கேட்பது காதில் விழுகிறது. 2022இல் அங்கே கார் உற்பத்தி நிற்கும்வரை நான் பார்த்தது சீட் நுரை மாமா. நுரை எவ்வளவு அமுங்கவேண்டும், எவ்வளவு நேரத்தில் திரும்பி எழும்பவேண்டும், அதெல்லாம் தூக்கத்தில் கேட்டாலும் சொல்வேன். என் தொழில் அறிவு வண்டியில் உட்காருகிற இடத்தோடு முடிந்துவிடுகிறது. அதற்குக் கீழே உங்கள் ராஜ்ஜியம்.

நம் ஜீப்பில் கியர் லீவர் பக்கத்தில் இரண்டு குட்டி லீவர்கள் இருக்குமே, ஒன்று முன்சக்கரத்தைச் சேர்க்க, இன்னொன்று ஹையா லோவா என்று மாற்ற. ஸ்கூல் விட்டு வந்து ஷெட்டில் அதைப் பிடித்து ஆட்டியதற்கு உங்கள் கையால் வாங்கிய குட்டு இன்னும் உச்சியில் இருக்கிறது. இந்த வண்டியில் லீவர் கிடையாது. டேஷ்போர்டில் ரேடியோ குமிழ் மாதிரி ஒன்று. டூ ஹை, ஃபோர் ஹை, ஃபோர் லோ. விற்றவர் குமிழைத் திருப்பினார். பச்சை விளக்கு எரிந்தது. "பார்த்தீரா, வேலை செய்கிறது" என்றார். கர்ப்பகிரகத்தில் விளக்கு எரிந்தால் சாமி உள்ளே இருக்கிறார் என்று நம்பி வளர்ந்தவன் நான். பணத்தைக் கொடுத்துவிட்டேன்.

மார்கழி பிறந்து ஒரு வாரம் இருக்கும். ராத்திரி எட்டு மணி, முக்கால் முழம் பனி. குமிழைத் திருப்பினேன், விளக்கும் எரிந்தது. மேட்டில் ஏற்றினேன். பின்சக்கரம் இரண்டும் அரைமேட்டில் தலைவிரித்து ஆடின. முன்சக்கரம் இரண்டும் கல்யாண மண்டபத்து மாப்பிள்ளை மாதிரி அசையாமல் உட்கார்ந்திருந்தன. அப்புறம் வண்டி மெதுவாகப் பின்னால் வழுக்கி, பக்கவாட்டில் திரும்பி, தாத்தாவின் தபால்பெட்டியை முத்தமிட்டு நின்றது. நான் உள்ளேயிருந்து பார்த்துக்கொண்டே இருந்தேன். பச்சை விளக்கு எரிந்துகொண்டே இருந்தது.

தாத்தா வெளியே வந்தார். அவருடைய பாட்டனார் பின்லாந்திலிருந்து இங்கே செப்புச் சுரங்க வேலைக்கு வந்தவர். தாத்தா ஒரு நாளைக்குப் பத்து வார்த்தைக்கு மேல் செலவழிக்கமாட்டார். என்னிடம் ஏற்கெனவே பேங்க் விஷயத்தில் நாலைந்து வீணாகிவிட்டதால் அன்று பேசவே இல்லை. தன் வண்டியை எடுத்தார். அது என்னுடையதைவிட மூத்தது. இறங்கினார், முன்சக்கரத்தின் நடுவிலிருந்த ஹப்பைக் கையால் திருகினார், அந்தப் பக்கம் போய் இன்னொன்றைத் திருகினார், உள்ளே ஏறி லீவரை இழுத்தார், சங்கிலி மாட்டினார், என்னைக் கோழிக்குஞ்சு போல மேலே கொண்டுபோய் வைத்தார். எனக்கு நம் ஷெட்டு ஞாபகம் வந்துவிட்டது.

அந்தத் திருகு ஹப்புக்கு ஒரு கதை உண்டு, உங்களுக்குப் பிடிக்கும். இரண்டாம் உலகப்போர் முடிந்து ராணுவ ஜீப்புகள் ஊருக்குள் மலிவாக வந்தபோது, தேவையில்லாத நேரத்திலும் முன் ஆக்ஸில் முழுக்கச் சுற்றிக்கொண்டே இருந்ததால் பெட்ரோலும் வீணானது, டயரும் தேய்ந்தது. ஆர்தர் வார்ன் என்பவர் 1948இல் சக்கரத்தை ஆக்ஸிலிலிருந்து கழற்றி விடவும் மாட்டவும் இந்த ஹப்பைச் செய்து விற்க ஆரம்பித்தார். மழையிலும் சேற்றிலும் இறங்கித் திருகவேண்டும் என்பது ஒன்றுதான் குறை. அந்தச் சோம்பலுக்காகத்தான் பிற்பாடு கம்பெனிக்காரர்கள் குமிழையும் விளக்கையும் வைத்தார்கள். நான் தபால்பெட்டியில் மோதியதற்கு மூலகாரணம் மனிதகுலத்தின் சோம்பல் என்று உங்கள் மருமகளிடம் சொன்னேன். அவள் தபால்பெட்டி விலை எவ்வளவு என்று கேட்டாள்.

மறுநாள் ஒரு ஒர்க்‌ஷாப்பில் காட்டினேன். எது என்று வேண்டாம். இங்கே மெக்கானிக்குக்குக் கூலி மணிக்கணக்கு, டாக்ஸி மீட்டர் மாதிரி. வண்டியைத் தூக்கக்கூட இல்லை, வயதையும் நோயையும் கேட்டுவிட்டு, டிரான்ஸ்ஃபர் கேஸில் கியர் மாற்றுகிற மோட்டார் போயிருக்கும், இந்த வண்டிகளில் அதுதான் போகும் என்றார்கள். அவர்கள் சொன்ன தொகையில் தாம்பரத்திலிருந்து கன்னியாகுமரிக்குக் குடும்பத்தோடு ஏசியில் போய்வரலாம். நானே வாங்கி மாட்டுகிறேன் என்று வந்துவிட்டேன். மோட்டார் 180 டாலர்.

மைனஸ் 15 டிகிரியில் அட்டைப்பெட்டியைப் பிரித்துப்போட்டு வண்டிக்கடியில் படுத்திருக்கிறீர்களா? முதுகுக்குக் கீழே அட்டை, அட்டைக்குக் கீழே ஐஸ். சந்தைக்கு வந்த வஞ்சிரம் மாதிரி கிடந்தேன். ஸ்பானர் கையோடு ஒட்டிக்கொள்கிறது. பனி உருக ரோட்டில் உப்பு கொட்டுகிறார்கள், அந்த உப்பு வண்டிக்கு அடியில் வருஷக்கணக்காக ஊறி, போல்ட்டு எது இரும்பு எது துரு என்று தெரியாத அத்வைத நிலைக்கு வந்துவிட்டது. மூன்று போல்ட்டில் ஒன்று தலை வேறு முண்டம் வேறாக வந்தது. மூன்று மணி நேர வேலை இரண்டு நாள் ஆயிற்று. மாட்டி முடித்து, குமிழைத் திருப்பினேன். விளக்கு எரிந்தது. முன்சக்கரம் அசையவில்லை. மாப்பிள்ளைக்கு இன்னும் மோதிரம் போதவில்லை போலிருக்கிறது.

அன்றைக்குத்தான் உங்களுக்கு போன் போட்டேன். இங்கே ராத்திரி எட்டு, அங்கே காலை ஆறரை, நீங்கள் முதல் காபியில் இருந்தீர்கள். நான் மோட்டார், ஒயர், ஃபியூஸ், ரிலே என்று அரைமணி நேரம் ஒப்பித்தேன். நீங்கள் கேட்டது ஒரே கேள்வி.

"முன்னாடி ஷாஃப்ட் சுத்துதா?"

பார்க்கவில்லை மாமா. நான் பார்க்கவில்லை, ஒர்க்‌ஷாப்பிலும் பார்க்கவில்லை. "டேய், ஏன் கெட்டதுன்னு கேக்காத. எதுவரைக்கும் நல்லா இருக்குன்னு பாரு" என்றீர்கள். அதற்கப்புறம் நீங்கள் சொன்ன திட்டு இங்கே தபால் இலாகா அனுமதிக்காது.

சமதரையில் உங்கள் மருமகளை ஸ்டியரிங்கில் உட்காரவைத்து, ஃபோர் ஹையில் போட்டு, பத்தடி மெல்ல உருட்டச் சொன்னேன். நான் தள்ளி நின்று, குனிந்து பார்த்தேன். டிரான்ஸ்ஃபர் கேஸிலிருந்து முன்பக்கம் போகிற ஷாஃப்ட் அழகாகச் சுற்றிக்கொண்டிருந்தது. ஆக, குமிழ் சரி, ஒயர் சரி, மோட்டார் சரி, உள்ளே இருக்கிற செயின் சரி. நான் கழற்றிப்போட்ட பழைய மோட்டார் நிரபராதி. அதைக் குப்பையில் போட்டிருந்தேன், ஓடிப்போய்த் துடைத்து எடுத்து வைத்தேன்.

தாலுகா ஆபீஸில் பட்டா மாற்றத்துக்கு அலைந்தோமே, அதே கதைதான் இந்த வண்டியில். உங்கள் ஜீப்பில் கை லீவரை இழுத்தால் கம்பி போய் கியரைத் தள்ளியது. மனுவை நேராகத் தாசில்தார் மேஜையில் வைத்த மாதிரி. இங்கே குமிழ் கம்ப்யூட்டருக்கு எழுதுகிறது, கம்ப்யூட்டர் மோட்டாருக்கு அனுப்புகிறது, மோட்டார் டிரான்ஸ்ஃபர் கேஸில் கையெழுத்துப் போடுகிறது. அதற்கு மேலும் முன் ஆக்ஸிலில் ஒரு மேஜை இருப்பது எனக்குத் தெரியவே தெரியாது. ஒரு பக்க ஆக்ஸில் இரண்டு துண்டாக இருக்கிறது. நடுவில் ஒரு காலர் நகர்ந்து இரண்டையும் கோக்கவேண்டும். தாம்பரம் யார்டில் எஞ்சின் வந்து நின்றும் கொக்கி மாட்டாத பெட்டியைப் பார்த்திருக்கிறீர்கள் அல்லவா, அந்த நிலை.

ஒரு பக்கம் கோக்காவிட்டால் மறுபக்கச் சக்கரமாவது இழுக்கவேண்டியதுதானே என்று எனக்குச் சந்தேகம். அதற்கு நீங்கள் சொன்ன பதிலைத்தான் உங்கள் மருமகள் பல்கலைக்கழகத்தில் நாலு பேரிடம் சொல்லிக்கொண்டு திரிகிறாள். "கீழ்வீட்டுக் குழாயைத் திறந்து வெச்சா மேல்வீட்டுக்குத் தண்ணி ஏறுமா?" டிஃப்ரென்ஷியல் சுலபமான பக்கம்தான் ஓடும். கட்டில்லாத துண்டு ஆக்ஸில் உள்ளே சும்மா சுற்றித் தீர்க்கும், ரோட்டைத் தொட்டிருக்கிற சக்கரத்துக்கு ஒன்றும் வராது.

அந்தக் காலரை நகர்த்துவது எது என்று பார்த்தால், காற்றுகூட இல்லை மாமா, காற்று இல்லாமை. வேக்குவம். எஞ்சின் உறிஞ்சுகிற இழுப்பை ஒரு மெல்லிய குழாயில் கொண்டுபோய், ஒரு டயாஃப்ரத்தை இழுத்து, அது காலரை நகர்த்துகிறது. ஒன்றரை டன்னுக்கு மேலே இருக்கிற வண்டியின் மானம் பென்சில்கூட இல்லாத குழாயில் தொங்குகிறது. நீங்கள் சிரித்தீர்கள். அப்புறம் சிரிப்பை நிறுத்திவிட்டு, அம்பாசடர் டிஸ்ட்ரிபியூட்டரிலேயே வேக்குவம் குழாய் உண்டு, பிரேக் பூஸ்டரும் அதுதான், குழாயைக் கழற்றி வாயால் உறிஞ்சிப் பார், நாக்கைப் பிடித்து நிறுத்தினால் நல்ல குழாய் என்றீர்கள்.

வீட்டு வாசலில் நின்று வடிவேலு ஜூஸ் குடிப்பது போல வண்டியை உறிஞ்சிக்கொண்டிருந்தேன். தாத்தா ஜன்னலில் நின்று பார்த்தார். அன்றைய பத்து வார்த்தையையும் மனைவியிடம் செலவழித்திருப்பார். குழாய் நாக்கைப் பிடிக்கவில்லை. பேட்டரி வாசனையோடு காற்று வந்தது. தொடர்ந்து போய்ப் பார்த்தால் பேட்டரித் தட்டுக்கு அடியில் வளைகிற இடத்தில் ரப்பர் முழங்கை காய்ந்து, அத்தையின் பழைய குக்கர் கேஸ்கட் போல வாய் பிளந்திருந்தது. அதற்கு முன்னால் ஒரு ஒருவழி வால்வு. அதை ஊதினால் போகவேண்டும், உறிஞ்சினால் நிற்கவேண்டும், அல்லது மாற்றி. இது இரண்டு பக்கமும் விட்டது.

இதில்தான் சூட்சுமம். இதற்கு முந்தின வாரங்களில் வாசலில் நிறுத்தி எஞ்சினை ஓடவிட்டால் ஒவ்வொரு சமயம் டொக் என்று ஒரு சத்தம் கேட்கும், முன்சக்கரம் சேர்ந்துவிடும். நானும் சரியாகிவிட்டது என்று மேட்டுக்குப் போவேன். அங்கே கைவிட்டுவிடும். ஏனென்றால் எஞ்சின் சும்மா ஓடும்போதுதான் இழுப்பு அதிகம். ஆக்சிலரேட்டரை அழுத்தினால் வாசல் திறந்துவிடும், இழுப்பு போய்விடும். அந்த நேரத்தில் ஏற்கெனவே சேர்த்த இழுப்பை டப்பாவில் பூட்டி வைக்கத்தான் ஒருவழி வால்வு. அது போனதால், தேவையில்லாதபோது நாலு சக்கரம், தேவைப்படும்போது இரண்டு. மாதக் கடைசியில் கைமாற்று கேட்டால் காணாமல் போகிற சொந்தக்காரன் மாதிரி.

குழாயும் முழங்கையும் வால்வும் சேர்ந்து 9 டாலர் சில்லறை. 180 டாலர் மோட்டாரைத் திருப்பிக் கொடுக்கப் போனேன். மின்சாரச் சாமான் ஒருமுறை மாட்டினால் வாபஸ் இல்லை என்று பில்லின் பின்பக்கம் இருந்ததைக் காட்டினார்கள். சரி என்று பழைய நிரபராதியைத் துடைத்துப் பூஜை அலமாரியில் வைத்திருக்கிறேன். வருகிற ஆயுத பூஜைக்கு அதற்கும் ஒரு பொட்டு உண்டு.

மேட்டில் ஏறினேன் மாமா. நாலு சக்கரமும் நகம் போட்டு ஏறின. நான் அந்த சந்தோஷத்தில் செய்த முட்டாள்தனத்தையும் எழுதிவிடுகிறேன், எப்படியும் உங்கள் மருமகள் சொல்லிவிடுவாள். ஃபோர் ஹையிலேயே கால்வாயைத் தாண்டி ஹான்காக்குக்குப் போனேன். 1959இல் கட்டிய தூக்குப்பாலம் அது, கப்பல் வந்தால் நடுப்பாகம் அப்படியே மேலே எழும்பும், நம் ரயில்வே கேட் மாதிரி எல்லாரும் வரிசையில் நிற்போம். பாலம் தாண்டினால் பனி அள்ளிய காய்ந்த ரோடு. கடை வாசலில் திருப்பினேன். ஸ்டியரிங் முரண்டு பிடித்தது, வண்டி தவளை மாதிரி எகிறி எகிறித் திரும்பியது. மறுபடியும் ஏதோ போய்விட்டது என்று வயிற்றில் புளி.

போகவில்லை. திருப்பத்தில் முன்சக்கரம் பின்சக்கரத்தைவிடக் கூடுதல் தூரம் ஓடவேண்டும். ஃபோர் ஹையில் முன்னையும் பின்னையும் ஒரே கட்டாகக் கட்டிவிடுகிறது. சேற்றிலும் பனியிலும் டயர் கொஞ்சம் வழுக்கிக் கணக்கைத் தீர்த்துக்கொள்ளும். காய்ந்த தாரில் வழுக்க இடமில்லை, ஷாஃப்ட்டுகள் முறுக்கிக்கொண்டு நிற்கும், எது பலவீனமோ அது உடையும். "தார் ரோட்ல ஜாயிண்ட் போடாதடா" என்று 2015 வெள்ளத்தின்போதே சொன்னீர்கள். நான்தான் அப்போது அதை மழைப்பேச்சு என்று விட்டுவிட்டேன்.

அந்த நாளை இங்கே அடிக்கடி நினைத்துக்கொள்கிறேன். டிசம்பர் 1, தாம்பரத்தில் ஒரே நாளில் 49 சென்டிமீட்டர் மழை. முடிச்சூரில் சித்தி வீட்டில் ஆட்கள் மாடியில் நிற்கிறார்கள் என்று போன் வந்து, அப்புறம் போனும் செத்துவிட்டது. நீங்கள் ஜீப்பைக் கிளப்புவதற்கு முன்னால் பானெட்டைத் திறந்து ஃபேன் பெல்ட்டைக் கழற்றினீர்கள். உலகமே மூழ்குகிறது, இந்த மனிதர் பெல்ட்டைக் கழற்றிக்கொண்டிருக்கிறாரே என்று எனக்கு ஆத்திரம். ஃபேன் தண்ணீரைக் கடைந்து எஞ்சின் மேலேயே அடிக்கும் என்று நீங்கள் விளக்கவில்லை, விளக்க நேரமும் இல்லை. ஃபோர் லோ, முதல் கியர், கால் ஏறவும் இல்லை இறங்கவும் இல்லை, மாட்டுவண்டி வேகம். முன்னால் சின்ன அலை ஒன்று தள்ளிக்கொண்டே போயிற்று. மூன்று நடை. சித்தி, பாட்டி, எதிர்வீட்டுக்காரர், அவருடைய நாய்.

அதைவிட என் மனதில் நிற்பது மறுவாரம். எல்லாரும் வீட்டில் சேறு கழுவிக்கொண்டிருக்க, நீங்கள் ஷெட்டில் ஆக்ஸில் எண்ணெயை இறக்கினீர்கள். பாலூற்றின டீ மாதிரி வந்தது. "பாரு, தண்ணி குடிச்சிருக்கு" என்று என்னிடம் காட்டினீர்கள். நான் செருப்பில் சேறு ஒட்டியிருக்கிறது என்று தள்ளி நின்றேன். போன வாரம் இங்கே என் வண்டியின் முன் ஆக்ஸில் எண்ணெயை இறக்கிப் பார்த்தேன். கறுப்பு, ஆனால் தெளிவு. தண்ணீர் குடிக்கவில்லை. உங்களுக்கு போட்டோ அனுப்பியிருந்தேன், பேத்தி அது காபி டிகாக்‌ஷன் என்று சொல்லிவிட்டாளாம்.

இப்போது மாதம் ஒரு தடவை, பனி இருந்தாலும் இல்லாவிட்டாலும், வாசல் மண்ணில் ஃபோர் ஹை போட்டு முன்னும் பின்னும் நகர்த்துகிறேன். காலரும் மோட்டாரும் ஒரே இடத்தில் உட்கார்ந்தால் துருவில் ஒட்டிக்கொள்ளும் என்று தாத்தா சொன்னார். இதற்கு அவர் ஆறு வார்த்தை கொடுத்தார். பதிலுக்கு உங்கள் மருமகள் ரவா கேசரி கொடுத்தாள். அடுத்த சனிக்கிழமை தன் வீட்டு நீராவிக் குளியலுக்கு வரச்சொல்லியிருக்கிறார். வெந்துவிட்டு ஓடிப்போய்ப் பனியில் விழவேண்டுமாம். கார்த்திகை மாத ஐயப்ப சாமிகள்கூட இவ்வளவு கேட்கமாட்டார்கள். போவதா வேண்டாமா என்று எழுதுங்கள்.

கிளாம்பாக்கம் பஸ் ஸ்டாண்டு வந்தபின் ஜி.எஸ்.டி. ரோட்டில் கூட்டம் குறைந்திருக்கிறதா? ஷெட்டு வாசலில் இருந்த வேப்பமரம் இருக்கிறதா? ஜீப்பை யாருக்கும் கொடுத்துவிடாதீர்கள், வந்தால் ஓட்டவேண்டும்.

180 டாலர் விஷயம் அம்மாவுக்குத் தெரியவேண்டாம். அவள் ரூபாயில் பெருக்கிப் பார்ப்பாள்.

இன்னொன்று. நேற்றிலிருந்து இடதுபக்க முன்சக்கரத்தில், திருப்பும்போது மட்டும், கட் கட் கட் என்று ஒரு சத்தம். நேராகப் போனால் இல்லை. வலதுபக்கம் திருப்பினால் அதிகம். அச்சு ரப்பர் பூட் கிழிந்து கிரீஸ் சக்கரத்தில் தெறித்திருக்கிறது. பதிவுசெய்து பேத்தி போனுக்கு அனுப்பியிருக்கிறேன். முதல் காபி குடித்தபிறகு கேளுங்கள்.

அன்புடன்,
உங்கள் அக்கா மகன்